அத்தியாயம் 7: லாரி கேட்டில் நிற்காத பின்புலம்

தண்டலத்தில் நின்றால் ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், இன்னொரு பக்கம் ஒரகடத்தில் ரெனோ, டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. இவர்களுக்கு பிராக்கெட், ரப்பர் சீல், வயரிங், போல்ட் என்று அனுப்பும் சப்ளையர்கள் இடையில் நிறைந்திருக்கிறார்கள். வண்டி தயாரிக்கும் கம்பெனிகள் உதிரிபாகத்தைக் குவித்து வைத்துக்கொள்வதில்லை. உங்கள் லாரி தாமதமானால் அவர்களுடைய லைன் நிற்கும், அடுத்து டெபிட் நோட் வரும்.

அப்படிப்பட்ட ஒரு சப்ளையர் தொழிற்சாலையின் டிஸ்பாட்ச் பின்புலத்தை, அதாவது திரைகளுக்குப் பின்னால் ஓடும் கணினி அமைப்பை, நீங்களே வடிவமைக்க இந்த அத்தியாயம் சொல்லித்தரும். தண்டலத்துப் பொறியியல் கல்லூரிகளில் படித்து முடித்து, முதல் வேலையாக ஒரு தொழிற்சாலையின் ஐடி பொறுப்பை ஏற்றிருப்பவரை மனதில் வைத்து எழுதியது. ஓரளவு நிரல் எழுதத் தெரியும், டேட்டாபேஸில் கேள்வி கேட்கத் தெரியும் என்றால் போதும்.

எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விதி: உங்கள் காம்பவுண்டுக்குள் முடியக்கூடியதை உள்ளேயே முடியுங்கள். வெளியே கேட்டாக வேண்டியதை லாரி வருவதற்கு முன்பே கேட்டு வைத்துவிடுங்கள்.

## படி 1: ஒரு லாரியின் பாதையைத் தாளில் வரையுங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். டிஸ்பாட்ச் மேசையில் ஒரு ஷிப்ட் முழுக்க உட்கார்ந்து நடப்பதை எழுதுங்கள். பெரும்பாலும் வரிசை இப்படித்தான் இருக்கும்:

1. பெட்டி நிரம்புகிறது, பார்கோடு ஸ்கேன் ஆகிறது.
2. பெட்டிகள் சேர்ந்து இன்வாய்ஸ் ஆகின்றன.
3. ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் தளத்திலிருந்து ஐஆர்என் (இன்வாய்ஸ் குறிப்பு எண்) வருகிறது.
4. தேவைப்பட்டால் இ-வே பில் போடப்படுகிறது.
5. வாடிக்கையாளர் கம்பெனியின் போர்ட்டலில் ஏஎஸ்என் (சரக்கு வருகிறது என்ற முன்னறிவிப்பு) ஏற்றப்படுகிறது.
6. கேட்டில் செக்யூரிட்டி சரிபார்த்து லாரியை விடுகிறார்.

இப்போது இரண்டு நிறப் பேனா எடுங்கள். உங்கள் கையில் உள்ளவற்றுக்குப் பச்சை (1, 2, 6), அடுத்தவர் கையில் உள்ளவற்றுக்குச் சிவப்பு (3, 4, 5). சிவப்பு எதுவும் உங்கள் விருப்பப்படி நடக்காது. இ-வே பில் 2018 பிப்ரவரி 1 அன்று கட்டாயமானது. அன்றே இணையதளம் சுமை தாங்காமல் முடங்கியது, கட்டாயமும் தள்ளிவைக்கப்பட்டது. மாநிலங்களுக்கு இடையே ஏப்ரல் 1 முதலும், தமிழ்நாட்டுக்குள் ஜூன் 2 முதலும்தான் நடைமுறைக்கு வந்தது. அன்றைய தளத்தைவிட இன்றைய தளம் பல மடங்கு உறுதியானதுதான். ஆனாலும் நின்றுபோகும் நிமிடங்கள் எந்த அமைப்புக்கும் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 99.9 சதவீதம் இயங்கும் அமைப்பு 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் நிற்கும். உங்கள் சர்வர், ஐஆர்என், இ-வே பில், வாடிக்கையாளர் போர்ட்டல் என்று அப்படிப்பட்ட நான்கைச் சங்கிலியாகக் கோர்த்து, எல்லாம் ஒரே நேரத்தில் பதில் சொன்னால்தான் வேலை நடக்கும் என்று வைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 2 மணி 50 நிமிடம் போய்விடும். சங்கிலியை அறுப்பதுதான் அடுத்து வரும் படிகளின் வேலை.

குறிப்பு: ஐஆர்என்னை கேட்டில் கேட்காதீர்கள். பேக்கிங் முடிந்து பெட்டிக்கு சீல் வைத்தவுடன் கேளுங்கள். அதற்கும் முன்னால், திட்டக் கட்டத்திலேயே கேட்பதும் தவறு. ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம், ரத்தான இன்வாய்ஸ் எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. இ-வே பில்லில் சரக்கு விவரமான முதல் பகுதியை முன்னதாகவே நிரப்பி வைக்கலாம். லாரி எண் உள்ள இரண்டாம் பகுதியை நிரப்பிய பிறகே செல்லுபடிக் காலம் ஓடத் தொடங்கும்.

## படி 2: சுமையை எண்ணுங்கள்

"ஆயிரக்கணக்கில் வரும்" என்று வாயால் சொல்லி வடிவமைக்கக் கூடாது. உதாரணத்துக்கு ஒரு நடுத்தரத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம்:

- 40 இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 2 வினாடிக்கு ஒரு முறை அளவு அனுப்புகின்றன: வினாடிக்கு 20, நாளைக்கு 17,28,000 பதிவுகள்.
- ஷிப்ட் மாறும்போது 600 பேர் 10 நிமிடத்தில் அட்டை தேய்க்கிறார்கள்: வினாடிக்கு 1.
- நாளைக்கு 250 இன்வாய்ஸ், அதில் பாதி 2 மணி நேரத்துக்குள்: நிமிடத்துக்கு 1.

இதிலேயே வடிவமைப்பு தெரிந்துவிடுகிறது. இயந்திரப் பதிவு எண்ணிக்கையில் மலை. ஆனால் நாலு பதிவு தொலைந்தால் யாரும் தேட மாட்டார்கள். இன்வாய்ஸ் எண்ணிக்கையில் துளி. அதில் ஒன்று தொலைந்தால் ஆடிட்டர் வரை போகும். இரண்டையும் ஒரே பாதையில் விட்டால் மலை துளியை அமுக்கிவிடும். எனவே:

1. இயந்திரப் பதிவுகளுக்குத் தனி டேட்டாபேஸ் வையுங்கள், முடிந்தால் தனி இயந்திரத்திலேயே.
2. பதிவுகளை ஒவ்வொன்றாக எழுதாமல் 5 வினாடிக்கு ஒரு முறை 100 சேர்த்து எழுதுங்கள்.
3. உச்ச நேரக் கணக்கை 5 மடங்காக்கி, அதற்குத் தாங்குமாறு வடிவமையுங்கள். இணைப்பு அறுந்து மீண்டும் வரும்போது தேங்கியதெல்லாம் ஒன்றாக வரும்.

எச்சரிக்கை: இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியான பிஎல்சியிலிருந்து படிக்க மட்டும் அனுமதி வாங்குங்கள். அதில் எழுதும் அனுமதி உங்கள் சர்வருக்கு வேண்டாம். நிரலில் ஒரு பிழை நேர்ந்து, இயந்திரம் அசைந்து, ஒருவர் கை மாட்டிக்கொள்ளலாம். பேனலில் வயர் இழுக்கும் வேலையை மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள். அவரும் மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, அட்டை மாட்டிய பிறகே தொட வேண்டும்.

## படி 3: ஒரே டேட்டாபேஸ், ஒழுங்கான டேட்டாபேஸ்

பெரிய இணையக் கம்பெனிகளின் வரைபடங்களைப் பார்த்துவிட்டு 15 சிறு சேவைகளாக உடைக்க மனம் துடிக்கும். நிமிடத்துக்கு ஒரு இன்வாய்ஸுக்கு அது தேவையில்லை. உடைந்தால் சரிசெய்ய இரவில் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். ஒரு நல்ல சர்வர், அதில் போஸ்ட்கிரெஸ் போன்ற நம்பகமான டேட்டாபேஸ், ஒரே நிரல் என்று தொடங்குங்கள்.

1. இன்வாய்ஸ் எண்ணுக்குத் தனி எண்ணி வையுங்கள். ஜிஎஸ்டி விதிப்படி எண் தொடர்ச்சியாக வர வேண்டும், 16 எழுத்தைத் தாண்டக் கூடாது. டேட்டாபேஸ் தரும் தானியங்கி எண் இதற்கு உதவாது, பாதியில் ரத்தாகும் பதிவு ஒரு எண்ணை விழுங்கிவிடும். ஒரு வரிசையில் கடைசி எண்ணை வைத்து, பூட்டி, கூட்டி, இன்வாய்ஸோடு சேர்த்தே சேமியுங்கள்.
2. பெரிய எழுத்திலேயே வையுங்கள். 2025 ஜூன் 1 முதல் இ-இன்வாய்ஸ் தளம் இன்வாய்ஸ் எண்ணில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. உங்கள் டேட்டாபேஸ் பார்த்தால் இரண்டுக்கும் கணக்கு இடிக்கும்.
3. தேடும் வழிக்கு இண்டெக்ஸ் போடுங்கள். இன்வாய்ஸ் எண், பார்ட் நம்பர், தேதி ஆகிய மூன்றிலேயே பெரும்பாலான தேடல்கள் முடிந்துவிடும். எல்லாப் பத்திக்கும் போட்டால் எழுதும் வேகம் குறையும்.
4. இயந்திரப் பதிவை மாத வாரியாகப் பிரியுங்கள். 90 நாள் தாண்டியதை மணிக்கணக்குச் சுருக்கமாக்கிவிட்டு, அந்த மாதத் துண்டை அப்படியே கழற்றி எடுத்துவிடலாம். இன்வாய்ஸைக் கழற்றாதீர்கள். ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது.

குறிப்பு: இரண்டு கேட் இருந்து, ஒவ்வொன்றிலும் தனி சர்வர் வைக்க நேர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி இன்வாய்ஸ் தொடர் கொடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை விதி அனுமதிக்கிறது. இடையில் உள்ள கேபிள் அறுந்தாலும் இரண்டு கேட்டும் எண் மோதாமல் வேலை செய்யும்.

## படி 4: வெளி அழைப்புகளை க்யூவுக்குப் பின்னால் தள்ளுங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். இன்வாய்ஸைச் சேமிக்கும் அதே நிரல், டேட்டாபேஸ் இணைப்பைக் கையில் பிடித்தபடியே ஐஆர்என் தளத்தைக் கூப்பிட்டுக் காத்திருக்கும். வினாடிக்கு 2 கோரிக்கை வந்து, வெளித் தளம் பதில் தர 5 வினாடி எடுத்தால் எந்த நேரத்திலும் 10 இணைப்புகள் சும்மா காத்திருக்கும். உங்களிடம் இருப்பதே 10 என்றால் ஐஆர்என்னுக்குத் தொடர்பே இல்லாத கேட் திரையும் உறைந்துபோகும்.

சரியான வரிசை:

1. இன்வாய்ஸையும், "இதற்கு ஐஆர்என் வாங்கு" என்ற வேலைக் குறிப்பையும் ஒரே டிரான்சாக்ஷனில் எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டும், அல்லது இரண்டும் இல்லாமல் போக வேண்டும்.
2. டிஸ்பாட்ச் திரைக்கு உடனே பதில் கொடுங்கள்: "சேமித்தாயிற்று, ஐஆர்என் வருகிறது."
3. பின்னணியில் ஓடும் தனி நிரல் அந்தக் குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே கூப்பிடட்டும். ஒரே நேரத்தில் 3 அல்லது 4-க்கு மேல் வேண்டாம்.
4. ஒவ்வொரு அழைப்புக்கும் நேர எல்லை வையுங்கள்: இணைப்புக்கு 3 வினாடி, பதிலுக்கு 15 வினாடி. எல்லை வைக்காத அழைப்பு காலம் முழுக்கக் காத்திருக்கும்.
5. தோற்றால் 2, 4, 8, 16 வினாடி என்று இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். அதோடு ஒவ்வொரு முறையும் தற்செயலாகத் தேர்ந்த சில வினாடிகளைக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் காத்திருந்த எல்லாரும் ஒரே கணத்தில் மறுபடி கதவைத் தட்டுவார்கள்.
6. பத்து முறை தோற்ற குறிப்பைத் தனியாக ஒதுக்கி, ஒரு மனிதருக்குச் செய்தி அனுப்புங்கள்.

இந்த வரிசையில் ஐந்தாவதை அலட்சியமாக விடாதீர்கள். 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ மணிக்கணக்கில் தடுமாறியது. பழைய பரிவர்த்தனைகள் என்னவாயின என்று வங்கிகளின் பக்கமிருந்து திரும்பத் திரும்ப வந்த நிலைக் கேள்விகள்தான் வலையமைப்பை அடைத்தன என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ கண்டறிந்தது. அதன்பின் நிலை கேட்பதற்கே வரம்பு வந்தது: முதல் கேள்விக்கு முன் 90 வினாடி இடைவெளி, அதிகபட்சம் 3 முறை. பொறுமையில்லாத ரீட்ரை அடுத்தவரின் அமைப்பையும் சாய்க்கும்.

## படி 5: ஒரே வேலை இரண்டு முறை வந்தாலும் ஒரே பலன்

நேர எல்லை முடிந்ததும் ஒரு சங்கடம் வரும். உங்கள் கோரிக்கை போய்ச் சேரவில்லையா, போய்ச் சேர்ந்து பதில்தான் தொலைந்ததா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். புது எண் போட்டு மறுபடி அனுப்பினால் ஒரே சரக்குக்கு இரண்டு இன்வாய்ஸ் ஆகிவிடும்.

ஐஆர்என் இந்த விஷயத்தில் நல்ல முன்மாதிரி. சப்ளையரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் நான்கையும் வைத்துக் கணக்கிட்ட 64 எழுத்துச் சரம் அது. அதே நான்கைத் திரும்ப அனுப்பினால் தளம் புதிதாக ஒன்றைத் தராது, "ஏற்கெனவே உள்ளது" என்று மறுக்கும். அந்த மறுப்பைப் பிழையாக எண்ணாதீர்கள். இருக்கும் ஐஆர்என்னைக் கேட்டு வாங்கி, வேலை முடிந்ததாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதே முறையை உள்ளேயும் கொண்டுவாருங்கள்:

1. ஒவ்வொரு பெட்டிக்கும் திரும்ப வராத ஒரு எண். ஸ்கேனர் இரண்டு முறை பீப் அடித்தாலும் டேட்டாபேஸில் ஒரு வரிசைதான் விழ வேண்டும்.
2. "இன்வாய்ஸ் போடு" பொத்தானை அழுத்தும் முன்பே திரை ஒரு கோரிக்கை எண்ணை உருவாக்கட்டும். பொறுமையிழந்து நாலு முறை அழுத்தினாலும் ஒரே இன்வாய்ஸ்தான் வர வேண்டும்.
3. இதை நிரலில் சரிபார்த்தால் மட்டும் போதாது. டேட்டாபேஸிலேயே "இந்த எண் இரண்டாவது முறை வரக் கூடாது" என்ற கட்டுப்பாடு போடுங்கள். இரண்டு கோரிக்கை ஒரே கணத்தில் வந்தால் நிரலின் சரிபார்ப்பு ஏமாறும், டேட்டாபேஸ் ஏமாறாது.

## படி 6: மின்சாரம், கேபிள், மழை

மின்சாரம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்துத்தான் வரும். அறிவிக்காத தடையும் உண்டு. டீசல் ஜெனரேட்டர் எடுக்கும் வரை தாங்கவும், அது எடுக்காவிட்டால் சர்வரை ஒழுங்காக நிறுத்தவும் யுபிஎஸ் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். பேட்டரி குறைந்ததும் சர்வர் தானாக மூடிக்கொள்ளும்படி இணைத்து வையுங்கள். நெட்வொர்க் சுவிட்சையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். சர்வர் ஓடி சுவிட்ச் அணைந்தால் பயனில்லை.

கேபிள். இரண்டு கம்பெனியிடம் இணைப்பு வாங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒரே சாலையோரக் குழியில் வந்தால் ஒரே ஜேசிபி இரண்டையும் பிடுங்கிவிடும். எந்தப் பக்கமாக வருகிறது என்று கேட்டு, ஒன்று தரைவழி ஃபைபர், மற்றது ரேடியோ அல்லது மொபைல் இணைப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மழை. 2015 டிசம்பர் வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் மிக்ஜாம் என்று இந்தப் பகுதி மழையையும் புயலையும் நன்றாக அறியும். சர்வர் அறை தரைத்தளத்தில் வேண்டாம், ஏசி சொட்டும் இடத்துக்குக் கீழேயும் வேண்டாம். பேக்கப் சென்னையில் இருந்தால் அதுவும் அதே மழையில்தான் நனையும். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஷூரின் தென்னிந்திய மையம் சென்னையில்தான் உள்ளது. எனவே கிளவுட் நகலை மும்பை, புனே, ஹைதராபாத் போன்ற வேறு ஊர் மையத்தில் வையுங்கள்.

குறிப்பு: வெளியூர் நகலுக்கு மாறும் வேலையைத் தானியங்கி ஆக்காதீர்கள். இணைப்பு மட்டும் அறுந்து பழைய சர்வர் உயிரோடு இருந்தால் இரண்டு சர்வரும் இன்வாய்ஸ் போடத் தொடங்கிவிடும். பழையது அணைந்ததை ஒருவர் கண்ணால் உறுதி செய்த பிறகே மாற்றுங்கள். மாற்றியதும் கடைசி இன்வாய்ஸ் எண்ணை இ-இன்வாய்ஸ் தளத்தோடு ஒப்பிடுங்கள். கடைசிச் சில வினாடிப் பதிவுகள் நகலுக்கு வந்து சேராமல் போயிருக்கலாம்.

## படி 7: பேக்கப்பும் பூட்டும்

வாகனத் தொழில் பார்த்த இரண்டு சம்பவங்கள் இந்தப் படிக்குப் போதுமான பாடம்.

2023 ஆகஸ்ட் 29 அன்று டொயோட்டா ஜப்பானில் தன் 14 தொழிற்சாலைகளையும் நிறுத்த நேர்ந்தது. இரண்டு நாள் முன்பு உதிரிபாக ஆர்டர் சர்வரில் வழக்கமான பராமரிப்பு நடந்தது. சேர்ந்திருந்த தரவை அழித்து ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதவில்லை. மாற்று சர்வரும் அதே அமைப்பில் ஓடியதால் அதிலும் அதே கோளாறு. கூடுதல் இடமுள்ள சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகே மீண்டது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022 மார்ச் 1 அன்று, அதே 14 தொழிற்சாலைகள் ஒரு நாள் நின்றன. அப்போது தாக்குதலுக்கு ஆளானது டொயோட்டாவின் சர்வர் அல்ல, கோஜிமா என்ற சப்ளையரின் சர்வர். உங்களைப் போன்ற ஓர் உதிரிபாகக் கம்பெனியில் புகுந்த ரான்சம்வேர் அது.

செய்ய வேண்டியவை:

1. டிஸ்க் 70 சதவீதம் நிரம்பியதும் உங்கள் கைபேசிக்குச் செய்தி வரட்டும். அழிக்கும் வேலைக்கும் தற்காலிக இடம் வேண்டும். பராமரிப்புக்கு முன் காலி இடத்தை அளந்து பாருங்கள்.
2. மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில். அவற்றில் ஒன்று நெட்வொர்க்கிலிருந்து முற்றிலும் கழற்றி வைத்ததாக இருக்கட்டும். இணைந்தே இருக்கும் பேக்கப்பையும் ரான்சம்வேர் பூட்டிவிடும்.
3. மாதம் ஒரு முறை வேறொரு கணினியில் பேக்கப்பை மீட்டுப் பாருங்கள். கடைசி இன்வாய்ஸ் வரை வந்ததா, எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வையுங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.
4. இயந்திர நெட்வொர்க், அலுவலக நெட்வொர்க், விருந்தினர் வைஃபை மூன்றையும் பிரியுங்கள்.
5. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை அங்கீகரிக்கப்பட்ட நேரச் சர்வரோடு பொருத்த வேண்டும், பாதுகாப்புச் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். யார் தெரிவிப்பது என்பதை இன்றே எழுதி ஒட்டி வையுங்கள்.

## படி 8: நீங்களே உடைத்துப் பாருங்கள்

உற்பத்திக்குப் போகும் முன், விடுமுறை நாளில், மேலாளரிடம் சொல்லிவிட்டு இவற்றை வரிசையாகச் செய்யுங்கள்:

1. இணைய கேபிளைக் கழற்றுங்கள். ஸ்கேனும் இன்வாய்ஸும் தொடர வேண்டும்.
2. அரை மணி கழித்து மாட்டுங்கள். தேங்கிய ஐஆர்என் வேலைகள் நிதானமாக, இரட்டிப்பு இல்லாமல் தீர வேண்டும்.
3. பின்னணி நிரலைப் பாதியில் கொல்லுங்கள். மறுபடி கிளப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும்.
4. உச்சச் சுமையின் 5 மடங்கைப் போலியாக அனுப்புங்கள். சராசரி வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். நூறில் மிக மெதுவான ஐந்து கோரிக்கைகள் எவ்வளவு எடுத்தன என்று பாருங்கள். டிஸ்பாட்ச் மேசையில் திட்டு விழுவது அந்த ஐந்தால்தான்.
5. சுமை ஏறும்போது மேலாளரின் கிராஃப் திரை முதலில் மெதுவாக வேண்டும், கேட் திரை கடைசியில். தலைகீழாக நடந்தால் படி 2-க்குத் திரும்புங்கள்.

இ-இன்வாய்ஸ், இ-வே பில் இரண்டுக்கும் சோதனைத் தளம் உண்டு. இந்தச் சோதனைகளை அதில் மட்டும் செய்யுங்கள்.

## எப்போது பெருக்குவது?

இரண்டாவது பிளான்ட் வருகிறது, இயந்திரம் இரு மடங்காகிறது என்றால் இந்த வரிசையில் போங்கள், ஒன்று போதாதபோதுதான் அடுத்தது: (1) மெதுவான கேள்விகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள், (2) சர்வரின் நினைவகத்தைக் கூட்டுங்கள், (3) அறிக்கைகளை டேட்டாபேஸின் படிக்க மட்டுமான நகலுக்கு மாற்றுங்கள், (4) நிரலை இரண்டு சர்வரில் ஓட்டுங்கள், (5) பிளான்ட் வாரியாக டேட்டாபேஸைப் பிரியுங்கள். ஐந்தாவதற்குப் போனவர் திரும்பி வருவது கடினம்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

- ஷிப்ட் மாறும் நேரத்திலோ மாதக் கடைசியிலோ புதிய நிரலை ஏற்றுவது. ஷிப்டின் நடுவில், பழையதற்குத் திரும்பும் வழியைத் தயாராக வைத்துக்கொண்டு ஏற்றுங்கள்.
- டேட்டாபேஸ் பத்தியின் பெயரையும் நிரலையும் ஒரே மூச்சில் மாற்றுவது. முதலில் புதிய பத்தியைச் சேருங்கள், அடுத்த வாரம் பழையதை எடுங்கள்.
- எல்லாவற்றுக்கும் எச்சரிக்கைச் செய்தி வைப்பது. நாளைக்கு 50 செய்தி வந்தால் ஐம்பத்தொன்றாவதை யாரும் படிக்க மாட்டார்கள்.
- ஐஆர்என் கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பது.

## தொடங்கும் நாளுக்கான சரிபார்ப்புப் பட்டியல்

☐ பச்சை–சிவப்பு வரைபடம் டிஸ்பாட்ச் மேசையில் ஒட்டியாயிற்று
☐ வெளி அழைப்பு எதுவும் டேட்டாபேஸ் இணைப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவில்லை
☐ இன்வாய்ஸ், பெட்டி, கோரிக்கை எண்களில் இரட்டிப்புத் தடை உள்ளது
☐ யுபிஎஸ்ஸில் ஒரு முறை முழுதாக ஓட்டிப் பார்த்தாயிற்று
☐ பேக்கப்பை மீட்டு, ஆன நேரத்தைக் குறித்தாயிற்று
☐ ஐஆர்என் வராதபோது என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டு கேட்டில் கொடுத்தாயிற்று

கடைசிக் கட்டத்தை இரவு ஷிப்ட் செக்யூரிட்டியிடமே படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவருக்குப் புரியாத வரி இருந்தால் அதை மாற்றி எழுதிவிட்டு, பிறகு டிக் அடியுங்கள்.